கே.எல். வெயிலில் டர்போ கார்: 5டபிள்யூ-30, 5டபிள்யூ-40, 10டபிள்யூ-60 இவற்றில் எதை ஊற்றுவது?

கேள்வி இதுதான். ரவாங்கிலிருந்து தினமும் ஜாலான் கூச்சிங் வழியாக கே.எல். நகருக்குள் வேலைக்குப் போகும் ஒரு தம்பி, 2018ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். மார்க் 7.5. முன்பு வைத்திருந்தவர் ஸ்டேஜ் 1 ரீமேப் செய்துவிட்டார், அதாவது எஞ்சின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தியைக் கூட்டியிருக்கிறார். சனி ஞாயிறுகளில் காராக் ஹைவே, சில நேரம் கெந்திங் மலை; கூடிய சீக்கிரம் செப்பாங் பந்தயத் தளத்தில் ஒரு டிராக் டே (சொந்தக் காரைத் தளத்தில் ஓட்டும் நாள்) போகும் எண்ணமும் இருக்கிறது. வழக்கமாகப் போகும் பெங்கேலில் (பட்டறையில்) ஃபோர்மேன், "நம்ம ஊர் சூட்டுக்கு, அதுவும் டர்போ காடி, கெட்டியா ஊத்தினாதான் தாங்கும்" என்று 10டபிள்யூ-60 ஊற்றியிருக்கிறார். கூட்டாளி ஒருவர், "இப்போ வர்ற புது காடி எல்லாம் 0டபிள்யூ-20தான்" என்கிறார். உதிரிபாகக் கடையில் கேட்டால் 5டபிள்யூ-30 போதும் என்கிறார்கள். யார் சொல்வது சரி, இப்போது உள்ளே இருப்பதை உடனே வடித்துவிட வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, உங்கள் காருக்கு 5டபிள்யூ-40 ஊற்றுங்கள். போத்தலின் பின்பக்கம் ஃபோக்ஸ்வாகன் 502 00 அங்கீகாரம் எழுதியிருக்க வேண்டும். அதே அங்கீகாரம் உள்ள 0டபிள்யூ-40 கிடைத்தால் அதுவும் நல்லதே. இப்போது இருக்கும் 10டபிள்யூ-60 எஞ்சினை இன்றோ நாளையோ கெடுத்துவிடாது. ஆனால் அடுத்த சர்வீஸ் தேதி வரை அதை வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வசதிப்பட்ட ஒரு வாரத்தில் வடித்துவிட்டு ஃபில்டரோடு மாற்றிவிடுங்கள். எஞ்சினை உள்ளே கழுவும் ஃப்ளஷ் எதுவும் தேவையில்லை. அதுவரை காலையில் வண்டியை எடுத்ததும் ஆக்சிலரேட்டரை ஓங்கி மிதிக்காதீர்கள்.

காரணத்தை விரிவாகவே சொல்கிறேன். நான் செந்தூல் பக்கம் டர்போ கார்களோடு வேலை செய்கிறவன். இந்த ஒரு விஷயத்தில் தவறான பேச்சு நம் ஆட்களிடையே அதிகமாகப் புழங்குகிறது என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம். காசு கொடுத்து நல்ல காரை வாங்கிவிட்டு, யாரோ சொன்னார் என்று எண்ணெயைத் தேர்ந்தெடுக்கிறோம். தேர்ந்தெடுக்க வேண்டியது ஒரே ஒரு அளவை வைத்துத்தான்: உங்கள் எஞ்சினுக்குள் எண்ணெய் எத்தனை டிகிரிக்குச் சூடாகிறது என்பதை.

"நம்ம ஊர் சூடு" என்ற வாதத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். கே.எல்.லில் விடியற்காலை 24, மத்தியானம் 33 டிகிரி. வண்டி ஓடத் தொடங்கி இருபது நிமிடம் ஆனபின் அந்த வித்தியாசம் எஞ்சினுக்குள் அநேகமாகத் தெரியாது. எஞ்சினைக் குளிர்விக்கும் நீரான கூலண்ட் எத்தனை டிகிரியில் இருக்க வேண்டும் என்பதை எஞ்சினே தீர்மானிக்கிறது. உங்கள் ஈஏ888 மூன்றாம் தலைமுறை எஞ்சினில் சாதாரண தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் மின்சாரத்தால் இயங்கும் சுழல் வால்வு ஒன்று இருக்கிறது. வேலைப்பளுவைப் பார்த்து கூலண்டைச் சுமார் 85 டிகிரிக்கும் 107 டிகிரிக்கும் இடையில் வைத்திருப்பது அதன் வேலை. எண்ணெய்க் கூலரும் அந்தக் கூலண்டோடுதான் சேர்ந்திருக்கிறது. ஆகவே எண்ணெயின் சூட்டை நிர்ணயிப்பது பெரும்பாலும் நீங்கள் ஓட்டும் விதம். ஜெர்மனி ஆட்டோபானில் 200 கிலோமீட்டர் வேகத்தில் அரைமணி நேரம் ஓடும் காரின் எண்ணெய், நம் ஹைவேயில் 110இல் போகும் காரின் எண்ணெயைவிடச் சூடாகத்தான் இருக்கும், வெளியே 15 டிகிரியாக இருந்தாலும்கூட. அந்த ஓட்டத்தையும் கணக்கில் வைத்துத்தான் தயாரிப்பாளர் எண்ணெயைக் குறித்திருக்கிறார். மலேசியா சூடான நாடு, அதனால் இரண்டு படி கெட்டியாக ஊற்ற வேண்டும் என்ற முடிவுக்கு இங்கே இடமில்லை.

போத்தலில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன என்று பார்த்துவிடலாம். டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிர்கால எண். எஸ்.ஏ.இ. ஜே300 என்ற தரப்பட்டியலில் 0டபிள்யூவை மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவை மைனஸ் 30இலும், 10டபிள்யூவை மைனஸ் 25இலும் சோதிக்கிறார்கள். கெந்திங் மலை உச்சியில் நள்ளிரவிலும் நமக்கு அந்தக் குளிர் வராது. அதனால் 0டபிள்யூவா 5டபிள்யூவா என்று இங்கே மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. நமக்கு முக்கியம் பின்னால் வரும் எண். அது 100 டிகிரியில் எண்ணெய் எவ்வளவு கெட்டி என்பதைச் சொல்வது. கெட்டியை அளக்கும் சென்டிஸ்டோக் கணக்கில் (எண் கூடினால் கெட்டி கூடும்) 20 என்றால் 6.9 முதல் 9.3க்குள், 30 என்றால் 9.3 முதல் 12.5க்குள், 40 என்றால் 12.5 முதல் 16.3க்குள், 50 என்றால் 16.3 முதல் 21.9க்குள், 60 என்றால் 21.9 முதல் 26.1க்குள்.

இந்த எண்களெல்லாம் 100 டிகிரிக்கு மட்டுமே பொருந்தும். உங்கள் எண்ணெய் எப்போதும் 100 டிகிரியில் இருப்பதில்லையே. வழக்கமான ஒரு 5டபிள்யூ-40ஐ எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, 30 டிகிரியில், அது ஏறக்குறைய 120 சென்டிஸ்டோக். ஜாமில் 95 டிகிரியில் 15. காராக் ஹைவேயில் 110 டிகிரி வரும்போது 11. அதாவது போத்தலில் 40 என்று எழுதியிருந்தாலும் அந்த நேரத்தில் எஞ்சின் உணர்வது 30இன் கெட்டியைத்தான். செப்பாங்கில் 130ஐத் தொட்டால் ஏழரையிலிருந்து எட்டு வரை, அதாவது 20இன் கெட்டி. 10டபிள்யூ-60க்கும் இதே கணக்கைப் போட்டால், காலையில் 250 சென்டிஸ்டோக், ஜாமில் 26, 130 டிகிரியில் 12 அல்லது 13. உங்கள் எஞ்சினுக்குத் தேவையான 40இன் கெட்டிக்கு அந்த எண்ணெய் இறங்கி வருவதே 120 டிகிரியைத் தொடும்போதுதான். ரவாங்கிலிருந்து வேலைக்குப் போய்த் திரும்பும் கார் அந்தச் சூட்டை ஒருநாளும் பார்க்காது. வாரத்தில் ஐந்து நாளும் தேவைக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டியான எண்ணெயோடு அந்த எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

கெட்டியாக இருந்தால் பாதுகாப்புதானே, என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். மூன்று நஷ்டம் உண்டு, மூன்றும் சிறியவை அல்ல. கெட்டியான எண்ணெய் பேரிங்குக்குள் அரைபடும்போது தானே சூட்டைக் கிளப்பும்; அதே நேரத்தில் பேரிங் வழியாக ஓடும் அளவும் குறைகிறது, சூட்டை வெளியே கொண்டுபோவது குறைகிறது. சூட்டுக்குப் பயந்து ஊற்றியதே சூட்டைக் கூட்டிவிடும். அடுத்து, உங்கள் எஞ்சினில் எண்ணெய் வெறும் வழவழப்புக்கு மட்டும் இல்லை. கேம்ஷாஃப்ட் டைமிங்கை மாற்றுவது, டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பது, பிஸ்டனுக்கு அடியில் பீய்ச்சி அதைக் குளிர்விப்பது எல்லாமே எண்ணெயின் வேலை. எண்ணெய்ப் பம்ப் இரண்டு அழுத்த நிலைகளில் ஓடும்படி அமைக்கப்பட்டது. எந்த நேரத்தில் எவ்வளவு அழுத்தம் என்று எஞ்சினின் கணினியான இ.சி.யூ. முடிவு செய்கிறது. அதனால் கெட்டியாக ஊற்றினால் அழுத்தம் கூடும், நன்மை கூடும் என்ற பழைய கணக்கு இங்கே பலிக்காது. மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில விநாடிகளில் டர்போவின் தண்டுக்கு எண்ணெய் எவ்வளவு விரைவாகப் போய்ச் சேருகிறது என்பது. முழு வேகத்தில் அந்தத் தண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழலக்கூடியது. அதைத் தாங்குவது மெல்லிய எண்ணெய்ப் படலம் மட்டும்தான்.

10டபிள்யூ-60க்கு இவ்வளவு நல்ல பேர் எங்கிருந்து வந்தது என்பதற்கும் நியாயமான காரணம் உண்டு. ஈ46 எம்3இல் இருந்த எஸ்54, பிறகு வந்த எஸ்65, எஸ்85 போன்ற எஞ்சின்களுக்கு பி.எம்.டபிள்யூ.வே அந்த எண்ணெயைக் குறித்தது. அவை டர்போ இல்லாதவை, எட்டாயிரம் ஆர்.பி.எம். பக்கம் சுற்றுவதற்கென்றே கட்டப்பட்டவை. அந்த எஞ்சின்களுக்கு அது சரி. "எம் கார்லயே ஊத்துறாங்க" என்று அதை எல்லாச் செயல்திறன் கார்களுக்கும் பரப்பியது நம் பழக்கம். எம்3 டர்போவுக்கு மாறி எஸ்55 வந்தபோது பி.எம்.டபிள்யூ. அதற்கு 10டபிள்யூ-60 கேட்கவில்லை.

கெட்டியாக ஊற்றியதும் எஞ்சின் சத்தம் அடங்கிவிட்டது, அதுவே நல்லதுக்கு அடையாளம் என்று சொல்வார்கள். உங்கள் கார் ஐடிலில் நிற்கும்போது கேட்கும் அந்த 'டிக் டிக்', பெரும்பாலும் நேரடியாக எரிஅறைக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் சத்தம். பேரிங் தேய்மானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சத்தத்தை வைத்து எண்ணெயைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி கடைக்காரர் சொன்ன 5டபிள்யூ-30. இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுவது. ஒரே எண் எழுதிய இரண்டு போத்தல்களுக்குள் இரண்டு வேறு எண்ணெய்கள் இருக்கலாம். 100 டிகிரியில் அளக்கும் கெட்டி, எண்ணெய் தானாக வழியும்போது உள்ள கெட்டி. பேரிங்குக்குள் எண்ணெய் அப்படி வழிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத இடுக்கில் அரைபடுகிறது. அந்த நிலையைப் போலவே 150 டிகிரி சூட்டில், விநாடிக்குப் பத்து லட்சம் என்ற வெட்டு வேகத்தில் அளப்பதற்கு எச்.டி.எச்.எஸ். என்று பெயர். பேரிங்கைக் காப்பாற்றுகிற எண் அதுதான். ஜப்பானிய, அமெரிக்கக் கார்களுக்கென்று எரிபொருள் மிச்சத்தை மனத்தில் வைத்துச் செய்த 5டபிள்யூ-30இல் அது 3ஐச் சுற்றி இருக்கும். தரப்பட்டியல் கேட்கும் குறைந்த அளவு 2.9தான். ஃபோக்ஸ்வாகன் 504 00 அங்கீகாரம் பெற்ற 5டபிள்யூ-30இல் அது 3.5க்குக் குறையக் கூடாது. 502 00க்கும் அதே 3.5. ஆகவே 504 00 போட்ட 5டபிள்யூ-30, பல 5டபிள்யூ-40க்குச் சமமாகவே பேரிங்கைத் தாங்கும். சாதாரண 5டபிள்யூ-30 அப்படித் தாங்காது. கடைக்காரர் எந்த 5டபிள்யூ-30ஐச் சொன்னார் என்று கேட்காமல் அவர் சொன்னது சரியா தவறா என்று என்னால் சொல்ல முடியாது.

எச்.டி.எச்.எஸ். எண்ணைப் போத்தலில் அச்சிடுவதில்லை. அதற்குப் பதிலாக ஐரோப்பிய ஏ.சி.இ.ஏ. குறியீட்டைத் தேடுங்கள். ஏ3/பி4 அல்லது சி3 என்று இருந்தால் 3.5 அல்லது அதற்கு மேல். ஏ5/பி5 என்றால் 2.9க்கும் 3.5க்கும் இடையில். சி2 என்றால் 2.9 இருந்தால் போதும். சி5 என்றால் 2.6இலிருந்து 2.9க்குள். ரீமேப் செய்த டர்போவுக்கு 3.5க்குக் கீழே இறங்காதீர்கள் என்பது என் திடமான கருத்து. டார்க், அதாவது எஞ்சினின் சுழற்று விசை, கூடும்போது கனெக்டிங் ராட் பேரிங்கின் மேல் விழும் அடியும் கூடுகிறது. உங்கள் கார் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 350 நியூட்டன் மீட்டர். ஸ்டேஜ் 1 அதற்கு மேலே கணிசமாக ஏற்றிவிடும்.

கூட்டாளி சொன்ன 0டபிள்யூ-20ஐப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஃபோக்ஸ்வாகனுக்கு 508 00 என்று பச்சை நிறச் சாயம் போட்ட 0டபிள்யூ-20 உண்டு; அதற்கென்று வடிவமைத்த பிந்தைய எஞ்சின்களுக்கானது. உங்கள் எஞ்சினுக்கு அது அங்கீகரிக்கப்படவில்லை. ஊற்ற வேண்டாம்.

டர்போ இருப்பதால் மட்டுமே வரும் ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். கெட்டி எண்ணெய் அதற்கு மருந்தில்லை. பழுதான டர்போக்களைக் கழற்றும்போது எண்ணெய் உள்ளே வரும் குழாயையும் அதன் போல்ட்டையும் நான் தவறாமல் பார்ப்பேன். பென்சில் முனை போகும் அளவுக்குத் துளை இருக்க வேண்டிய இடத்தில், வடை சுட்ட சட்டியின் ஓரத்தில் கருகி ஒட்டிக்கொள்ளும் எண்ணெய்போல் கரி இறுகியிருக்கும். கம்பியால் சுரண்டினால் செதில் செதிலாக உதிரும். அந்தச் செதில் ஒன்று உள்ளே போனாலே போதும். மலையேறிவிட்டு, கொதிக்கும் டர்போவோடு அப்படியே வண்டியை அணைத்தால், ஓட்டம் நின்ற எண்ணெய் அந்த இடத்திலேயே வெந்து கரியாகிறது. இதற்குக் காப்பு, சூட்டில் ஆவியாகிப்போகாத நல்ல தரமான முழு சிந்தெட்டிக் எண்ணெய், நேரத்துக்கு மாற்றுவது, அணைக்கும் முன் சற்று நிதானம். நோவாக் என்று ஒரு சோதனை உண்டு. 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து எத்தனை விழுக்காடு எண்ணெய் ஆவியாகிறது என்று பார்ப்பார்கள். அமெரிக்கத் தரமான ஏ.பி.ஐ. எஸ்.பி. 15 விழுக்காடு வரை அனுமதிக்கிறது; ஏ.சி.இ.ஏ. ஏ3/பி4 13 விழுக்காடுதான். எண்ணெய்க் கம்பெனியின் தொழில்நுட்பத் தாளில் அது இருக்கும். பத்துக்குக் கீழே இருந்தால் சந்தோஷமாக வாங்குங்கள். உங்கள் கோல்ஃபில் அணைத்த பிறகும் சிறிது நேரம் கூலண்டைச் சுற்றவைக்கும் மின்பம்ப் இருக்கிறது. ஆகவே ஐந்து நிமிடம் ஐடிலில் விட வேண்டும் என்ற பழைய சடங்கு வேண்டாம். கெந்திங் உச்சியை அடையும் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி, கார் பார்க்கில் இடம் தேடிச் சுற்றும் நேரமே போதும்.

இப்போது ஜாலான் கூச்சிங் ஜாம். செப்பாங்கைவிட உங்கள் எண்ணெயை மெல்ல மெல்லக் கொல்வது இதுதான் என்று நான் நம்புகிறேன். எண்ணெயின் ஆயுளைக் கிலோமீட்டரில் கணக்கிடுகிறோம். எஞ்சினோ மணிக்கணக்கில் தேய்கிறது. சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் 10,000 கிலோமீட்டர் ஓட 500 மணி நேரம் ஆகும். சராசரி 80இல் அதே தூரத்துக்கு 125 மணி நேரம். மீட்டரில் ஒரே எண், எண்ணெய் உழைத்தது நான்கு மடங்கு. இதோடு நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் வழிந்து எண்ணெயோடு கலந்துகொண்டே இருக்கும். ரீமேப் செய்தால் அதிகப் பெட்ரோல் போகிறது, கலப்பும் கூடலாம். ஐந்து விழுக்காடு அளவுக்குக் கலந்துவிட்டால் நீங்கள் ஊற்றிய 40, 30 ஆகிவிடும். நான் உங்களுக்கு 5டபிள்யூ-40ஐச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்: இறங்குவதற்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது.

குறுகிய தூரம் இன்னும் மோசம். பினாங்கில் ஜெலுத்தோங்கில் வீடு, ஜார்ஜ்டவுனில் வேலை என்று நான்கைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும். கூலண்ட் முள் நடுவுக்கு வந்துவிட்டாலும் எண்ணெய் சூடாக ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். சேர்ந்த பெட்ரோலும் ஈரமும் ஆவியாக வாய்ப்பே கிடைப்பதில்லை. அப்படிப்பட்டவர்கள் வாரத்தில் ஒருமுறை பாலத்தைத் தாண்டி பட்டர்வொர்த் பக்கம் அரைமணி நேரம் ஹைவேயில் ஓட்டிவிட்டு வந்தால் எஞ்சினுக்கு நல்லது. பாயான் லெப்பாஸிலிருந்து தினமும் முதல் பாலம் ஏறி வீட்டுக்குப் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் கணக்கு: 7,500 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், எது முந்துகிறதோ அது. கையேட்டில் இதைவிட நீண்ட இடைவெளி இருக்கும். ஜாமும் ரீமேப்பும் சேர்ந்த காருக்கு நான் அவ்வளவு காத்திருக்க மாட்டேன்.

செப்பாங்குக்கு வருவோம். ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. முழு ஆக்சிலரேட்டரில் போகும் இரண்டு நீண்ட நேர் ஓட்டங்கள், அவற்றுக்கிடையே கடைசி வளைவில் கடும் பிரேக். கெந்திங் ஏற்றம்கூட எண்ணெயை இப்படிச் சூடாக்காது. கெந்திங்கில் 115 வந்து நின்ற கார், அங்கே மூன்றாவது நான்காவது சுற்றிலேயே 130ஐத் தாண்டுவது சாதாரணம். உங்கள் கோல்ஃபில் நல்ல வசதி ஒன்று: மீட்டர் திரையில் எண்ணெய் வெப்பநிலையைக் காட்டும் பக்கம் இருக்கிறது. 50 டிகிரி வரும்வரை கோடு மட்டும் காட்டும், பிறகு எண் வரும். இன்றிலிருந்தே அதைத் திறந்து வைத்து ஓட்டுங்கள். ஜாமில் எவ்வளவு, ஹைவேயில் எவ்வளவு, மலையில் எவ்வளவு என்று உங்களுக்கே மனப்பாடமாகட்டும். 80 வரும்வரை காரை விரட்டாதீர்கள். செப்பாங்கில் 130 தெரிந்ததும் வேகத்தைக் குறைத்து ஒரு சுற்று ஆறவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். இந்த ஒழுங்கோடு ஓட்டினால், வருடத்துக்கு ஒன்றிரண்டு டிராக் டேக்கு அதே 5டபிள்யூ-40 போதும். ஏ3/பி4 கேட்கும் குறைந்தபட்சத்தில் நிற்காமல், எச்.டி.எச்.எஸ். 3.7, 3.8 என்று உள்ளதைத் தேடிப் பிடித்தால் இன்னும் நிம்மதி. எண்ணெய் அளக்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் மேல்கோடு வரை இருக்கட்டும், கோட்டைத் தாண்ட வேண்டாம். நீண்ட வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கக் கூடாது.

மாதாமாதம் செப்பாங், அரைமணி நேரம் விடாமல் ஓட்டம் என்று போனால் விஷயம் வேறு. அப்போதும் முதலில் செலவழிக்க வேண்டியது கூடுதல் எண்ணெய்க் கூலருக்கு. அதற்கு மேலும் 130க்குக் கீழே வரவில்லை என்றால் 5டபிள்யூ-50 பற்றி யோசிக்கலாம். பந்தய எண்ணெய்கள் பலவற்றுக்குக் கார்க் கம்பெனியின் அங்கீகாரம் இருக்காது. நீண்ட நாள் உள்ளே கிடப்பதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. ஓட்டிவிட்டு வந்து சீக்கிரம் வடிக்கத் தயாராக இருந்தால் மட்டும் அவற்றைத் தொடுங்கள்.

ரீகண்டிஷனில் (வெளிநாட்டில் ஓடிய பிறகு இறக்குமதியாகி) வந்த சிவிக் டைப் ஆர், ஜி.ஆர். யாரிஸ் வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்கிறார்கள். அந்த எஞ்சின்கள் 0டபிள்யூ-20க்கு என்றே செய்யப்பட்டவை. பேரிங் இடைவெளி, பம்ப் எல்லாம் அதற்கேற்றபடி. தினசரி ஓட்டத்துக்கு 0டபிள்யூ-20 ஊற்றினால் எதுவும் ஆகாது. 90 டிகிரியில் அது ஏறக்குறைய பத்து சென்டிஸ்டோக் இருக்கும். டொயோட்டா கையேடுகளிலேயே, அதிக வேகத்திலோ கடும் பளுவிலோ ஓட்டினால் இன்னும் கெட்டியான எண்ணெய் பொருத்தமாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார்கள். டிராக் போகிறவர்கள் அதை எடுத்துக்கொண்டு ஒரு படி ஏறி 30க்குப் போகலாம். இரண்டு படி ஏற வேண்டாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். "அங்கீகாரம் பெற்றது" என்று 502 00ஐக் குறிப்பிடும் போத்தலும், "502 00 கேட்கும் கார்களுக்கு ஏற்றது" என்று மட்டும் எழுதிய போத்தலும் ஒன்றல்ல. முதலாவதை ஃபோக்ஸ்வாகன் சோதித்து ஒப்புக்கொண்டிருக்கிறது. இரண்டாவது எண்ணெய்க் கம்பெனியின் சொந்தப் பேச்சு. அதே போத்தலில் ஏ.பி.ஐ. எஸ்.பி. என்பதும் இருந்தால் அதையே எடுங்கள். 2020இல் வந்த அந்தத் தரம், குறைந்த ஆர்.பி.எம்.மில் டர்போ முழு பூஸ்ட் தரும்போது பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைக்கும் தொல்லையையும் செயின் தேய்மானத்தையும் சோதித்துப் பார்த்துக் கொடுப்பது. ரீமேப் செய்த காரில் ஆறாவது கியரில் 1,500 ஆர்.பி.எம்.மில் ஓங்கி மிதிப்பது எந்த எண்ணெய் ஊற்றினாலும் ஆபத்துதான், அந்தப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். போலி எண்ணெய் நம் நாட்டில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் வாங்காதீர்கள், முத்திரை பிரியாத போத்தலை உங்கள் கண்முன்னேயே திறக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. உங்கள் எஞ்சினுக்கு ஃபில்டரோடு சேர்த்து 5.7 லிட்டர் தேவை. இங்கே விற்பது நான்கு லிட்டர் டின்னும் ஒரு லிட்டர் போத்தலும். நாலும் ஒன்றும் ஐந்து என்று ஊற்றிவிட்டு மூடிவிடும் பெங்கேல்கள் உண்டு. ஒரு லிட்டர் போத்தல் இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள். மிச்சம் இருப்பதைக் காரிலேயே வைத்துக்கொள்ளுங்கள்; இந்த எஞ்சின்கள் கொஞ்சம் எண்ணெய் குடிப்பது வழக்கம்தான், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை இழுத்துப் பாருங்கள். மட்டம் குறைந்தால் ஊற்றலாம். மட்டம் ஏறிக்கொண்டே போனாலோ, டிப்ஸ்டிக்கில் பெட்ரோல் வாடை அடித்தாலோ 7,500 வரை காத்திருக்காமல் மாற்றிவிடுங்கள்.

செப்பாங் போய் வந்ததும் எண்ணெய் அதிகபட்சம் எத்தனை டிகிரி காட்டியது, எத்தனை சுற்றில் அங்கே போனது என்று எழுதுங்கள் தம்பி. கூலர் வேண்டுமா வேண்டாமா என்பதை அந்த இரண்டு எண்களை வைத்துச் சொல்லிவிடலாம்.